எந்த வட்டு, எந்த இடத்தில்? லினக்ஸ் சர்வர் தொகுதிகளின் சேமிப்புக் கணக்கு

ஒரு சர்வர் தொகுதிக்கு எத்தனை வட்டுகள் வாங்குவது, எப்படி அடுக்குவது, வாங்கியதை எப்படிக் கணக்கில் வைப்பது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நெய்வேலியின் வயது. 1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் 305 என்ற கணினியை அறிவித்தது. அதன் வட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதே ஆண்டு நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. இரண்டுக்கும் ஒட்டுறவு ஏதுமில்லை. ஆனால் பழுப்பு நிலக்கரி நகரியத்தில் நின்று வட்டுகளைப் பற்றி யோசித்தால், காலத்தை அளக்கும் கோல் மாறிவிடுகிறது.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு 1962-இல் ஓடத் தொடங்கி, 2020-இல் முழுமையாக நிறுத்தப்பட்டது. ஒரு வன்வட்டுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் அதிகம் போனால் 5 ஆண்டு. ஆழ்துளைக் குறிப்பு, நில அளவை, நிலத்தடி நீர்மட்டப் பதிவு என்று ஒரு சுரங்கத்துக்குத் தேவைப்படும் விவரங்களோ சுரங்கம் இருக்கும்வரை, அதற்குப் பிறகும்கூட, வேண்டியிருக்கும். 50 ஆண்டு வாழ வேண்டிய ஒரு விவரம் குறைந்தது பத்துத் தலைமுறை வட்டுகள் மீது ஏறி இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் எது பழையது, எது புதியது, எதைக் கழற்றலாம் என்று யாராவது சரியாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் துறையில் எழுதப்பட்டவை இரண்டு கட்சியாகவே பிரிந்து கிடக்கின்றன. வட்டுகளை அடுக்குவது பொறியாளர் வேலை. அதற்குக் கணிதமும் ஆய்வுத்தாள்களும் உண்டு. வட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றுவது ஸ்டோர்ஸ் வேலை. அதற்கு விதிகளும் படிவங்களும் உண்டு. ஒரு கட்சி மற்றதைப் படிப்பது அரிது. ஆனால் முதல் கட்சியின் கணக்குகள் ஒவ்வொன்றும், இரண்டாவது கட்சியின் ஏடு பொய் சொல்லாது என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஒன்று போனால் மற்றது தாங்கும்

1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுத்தாள்தான் இன்றுவரை ஓடும் விவாதத்தின் ஊற்று. விலையுயர்ந்த ஒரே பெரிய வட்டுக்குப் பதில், மலிவான சிறு வட்டுகளை வரிசையாகச் சேர். அவற்றில் சிலவற்றில் மீட்புக்கான கூடுதல் தகவலை எழுது. ஒன்று செத்தால் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்டுவிடலாம் என்றார்கள். 'ரெய்டு' என்று நாம் சொல்லும் முறை அதுதான். லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கான மென்பொருள் வந்த பிறகு, தனி அட்டை வாங்கக் காசில்லாத கல்லூரி ஆய்வகமும் அதைச் செய்ய முடிந்தது.

ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்; ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். காகிதத்தில் இது போதும். வட்டுகள் பெருத்தபோதுதான் சிக்கல் வந்தது. சாதாரண வன்வட்டின் விவரக்குறிப்பில், ஒரு கோடி கோடி பிட் படித்தால் ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று எழுதியிருப்பார்கள். அது 12.5 டெராபைட். தலா 4 டெராபைட் கொண்ட நான்கு வட்டுகளை ரெய்டு 5-ஆகக் கட்டி, ஒன்று செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்க மற்ற மூன்றையும் முழுதாக, 12 டெராபைட், படிக்க வேண்டும். விவரக்குறிப்பை அப்படியே நம்பினால், நடுவில் ஒரு பிழையாவது குறுக்கிடும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம்.

இந்தக் கணக்கை வைத்து 2007 வாக்கில் 'ரெய்டு 5 காலாவதியாகிவிட்டது' என்ற வாதம் கிளம்பியது. அது பயனுள்ள எச்சரிக்கை. ஆனால் சற்றே மிகை. விவரக்குறிப்பில் இருப்பது மோசமான வரம்பு. பெரும்பாலான வட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. மாறாக, அந்த வாதம் கண்டுகொள்ளாத வேறொரு சிக்கல் நாளுக்கு நாள் கூடிவருகிறது: நேரம். 16 டெராபைட் வட்டை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிறுத்தாமல் எழுதினாலும் மீட்பு முடிய 22 மணி நேரம் ஆகும். சர்வர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தால் நாள்கணக்கு. அந்த இடைவெளியில் ஏசி நின்றாலோ, யூபிஎஸ் மக்கர் செய்தாலோ தாங்குவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

இன்னொரு பலவீனம் ஆய்வுத்தாள்களில் அதிகம் பேசப்படாதது. ஒரு வட்டு செத்துவிட்டது என்று சர்வர் சொல்கிறது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்து முகப்பில் உள்ள பன்னிரண்டு டிரேக்களில் ஒன்றை உருவுகிறார். தவறான டிரே. ரெய்டு 5 என்றால் அந்தக் கணத்தில் இரண்டு வட்டு போனதாகவே அர்த்தம். கணிதம் அனுமதித்த ஒரே ஒரு இழப்பைத் தேய்மானம் எடுத்துக்கொண்டது. அனுமதிக்காத இரண்டாவதை மனிதக் கை எடுத்துக்கொண்டது.

பிரதிகளின் பாதை

1994-இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் பதினாறு சாதாரணக் கணினிகளை லினக்ஸில் இணைத்துக் கட்டிய 'பியோவுல்ஃப்', கணினித் தொகுதி என்ற எண்ணத்தையே மலிவாக்கியது. தமிழகத்தில் அதன் பெரும் வாரிசு சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் எழுந்தது. 'கப்ரு' என்ற இமயச் சிகரத்தின் பெயர் சூட்டப்பட்ட அந்த லினக்ஸ் தொகுதியில் 144 கணினிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸியான் செயலிகள். நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கீடுகளைத் தாண்டி, 2004 ஜூனில் உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் 257-ஆம் இடம் பிடித்தது. பிறகு தேசிய சூப்பர்கணினித் திட்டத்தின் கீழ் 2022 மே மாதத்தில் திருச்சி என்ஐடியில் 'பரம் பொருள்' நிறுவப்பட்டது. அதன் உச்ச வேகம் 838 டெராஃபிளாப்ஸ். நெய்வேலியிலிருந்து இரண்டுமே சில மணி நேரப் பயணத்தில் எட்டும் இடங்கள்.

இப்படிப்பட்ட தொகுதிகளில் வட்டை ஒரு பெட்டிக்குள் மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, பெட்டியே போகலாம். கூகுள் 2003-இல் வெளியிட்ட கோப்பு முறைமை ஆய்வுத்தாள் இதற்குத் தடாலடியான விடை தந்தது: எல்லாவற்றையும் மூன்று பிரதி எடு, வட்டு சாவது விதிவிலக்கல்ல, அன்றாடம். 2006-இல் சேஜ் வைல் குழுவினர் வெளியிட்ட 'செஃப்' அதை இன்னும் ஒரு படி முன்னெடுத்தது. எந்த வட்டு எந்தக் கணினியில், எந்த ரேக்கில், எந்த வரிசையில், எந்த அறையில் இருக்கிறது என்ற வரைபடம் அதற்குள்ளேயே உண்டு. 'க்ரஷ்' வரைபடம் என்பார்கள். ஒரே ரேக்கில் இரண்டு பிரதி விழாமல் அது பார்த்துக்கொள்ளும்.

இங்கே முதன்முறையாகத் திட்டமும் பதிவும் ஒரே கோப்பில் சந்திக்கின்றன. அதுதான் இதன் அழகு, ஆபத்தும் அதுவே. வரைபடம் மூன்று ரேக் என்று சொல்கிறது; ஆனால் மூன்று ரேக்குக்கும் மின்சாரம் ஒரே யூபிஎஸ்ஸிலிருந்து வருகிறது என்றால், மூன்று பிரதிகளும் ஒரே நொடியில் விழும். போன மாதம் ஒரு சர்வரைத் தூக்கிப் பக்கத்து ரேக்கில் வைத்துவிட்டு வரைபடத்தைத் திருத்த மறந்தாலும் அதே கதி. மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும்.

செலவு இன்னொரு தடை. மூன்று பிரதி என்றால் ஒரு டெராபைட்டுக்கு மூன்று டெராபைட் வாங்க வேண்டும். எட்டுத் துண்டுகளாக வெட்டி மூன்று மீட்புத் துண்டு சேர்க்கும் முறையில் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகாது, 1.375 மடங்கு போதும். ஆனால் அதை ஒழுங்காகச் செய்யக் குறைந்தது பதினொரு சர்வர் வேண்டும். மூன்று சர்வர் மட்டுமே உள்ள சிற்றூர் அலுவலகத்துக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. மூன்றில் ஒன்று படுத்துவிட்டால் மூன்றாவது பிரதியை வைக்க இடமே இல்லை. பெரிய நிறுவனங்களின் விடையைச் சிறிய நிறுவனங்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வது இந்தத் துறையின் நாள்பட்ட வியாதிகளில் ஒன்று.

விவரக்குறிப்பும் உண்மையும்

எத்தனை உதிரி வட்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு, ஆண்டுக்கு எத்தனை சாகும் என்று தெரிய வேண்டும். உற்பத்தியாளர்கள் சொல்வது சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டு. வேறு விதமாகச் சொன்னால் நூறு வட்டில் ஆண்டுக்கு ஒன்றுகூட முழுதாகப் போகாது, 0.88 சதவீதம்தான்.

2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் மாற்றுப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ரெய்டு தாளின் அதே கிப்சன்தான். களத்தில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம்வரை போனது. முதலில் கொஞ்சம் சாகும், பிறகு நெடுநாள் அமைதி, கடைசியில் மீண்டும் சாகும் என்ற பாடப்புத்தக வளைகோடும் பொருந்தவில்லை; தேய்மானம் இளமையிலேயே தொடங்கிச் சீராக ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வு எதை மூலமாகக் கொண்டது என்பது. எந்த இடத்தில், என்றைக்கு, எந்த வட்டு மாற்றப்பட்டது என்று யாரோ பொறுமையாக எழுதிவைத்த பராமரிப்பு ஏடுகளை. ஏடு இல்லாத இடங்களுக்கு அந்த ஆய்வில் இடமில்லை.

அதே ஆண்டு கூகுளின் எட்வார்டோ பின்ஹெய்ரோ குழுவினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை வைத்து இன்னொரு நம்பிக்கையை அசைத்தார்கள். வட்டுகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே சொல்லும் 'ஸ்மார்ட்' அளவீடுகளைப் பார்த்தால் சாவை முன்கூட்டி அறியலாம் என்பது பொதுக் கருத்து. சில அளவீடுகள் உண்மையிலேயே வலுவானவை: முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட வட்டு அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு. ஆனால் செத்தவற்றில் பாதிக்கு மேல், இந்த வலுவான அளவீடுகளில் ஒன்றிலும் அசைவே காட்டாமல் செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வரவில்லை என்பதை நம்பிவிட முடியாது.

லினக்ஸில் அந்த அளவீடுகளைப் படிக்க உலகமே பயன்படுத்தும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஒரு கணினி நிறுவனத்தின் படைப்பு அல்ல. ஈர்ப்பலை இயற்பியலாளர் புரூஸ் ஆலன், பழைய மென்பொருள் ஒன்றை அடித்தளமாகக் கொண்டு 2002-இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வட்டுகள் கொண்ட தொகுதியை வைத்திருந்த விஞ்ஞானிக்கு, எது எப்போது சாகும் என்பது அன்றாடக் கவலை.

2013-இலிருந்து பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் வட்டுகளின் கணக்கை மாதிரிவாரியாகப் பொதுவில் வெளியிடுகிறது. பொதுவாக ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதத்தைச் சுற்றியே அது நிற்கிறது. வாங்குபவர்களுக்கு இது வேதம்போல் ஆகிவிட்டது. நல்ல தரவுதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின், அதன் அறைகளின், அதன் வேலைமுறையின் தரவு என்பதை மறந்துவிட்டு, வெயிலும் தூசியும் வேறாக இருக்கும் ஊரின் உதிரிப்பாகப் பட்டியலை அதை வைத்துத் தயாரிப்பது துணிச்சல்.

ஒரே டெண்டர், ஒரே பெட்டி

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒரு வட்டின் சாவுக்கும் இன்னொன்றின் சாவுக்கும் தொடர்பில்லை. அது எவ்வளவு பலவீனமானது என்று 2019 நவம்பரில் தெரிந்தது. எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி மாதிரிகளின் உள்மென்பொருளில் பிழை இருப்பதாக அறிவித்தது. 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம், ஓடி முடித்ததும் வட்டு நின்றுவிடும், தரவும் மீளாது. ஒரு கணக்கிடும் இலக்கத்தின் வரம்பு நிரம்புவதால் வரும் கோளாறு. ஒரே நாளில் பொருத்திய பன்னிரண்டு வட்டுகள் ஒரே நாளில் போகும் என்றால் ரெய்டு 6 என்ன, எந்த ரெய்டும் நிற்காது. முன்கூட்டியே உள்மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். அப்படிப் புதுப்பிக்க, எந்த சர்வரில் எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்திருக்க வேண்டும்.

அரசு, பொதுத்துறை நிறுவனங்களின் கொள்முதல் முறை இந்த ஆபத்தைத் தன்னறியாமல் பெருக்குகிறது. ஒரே டெண்டர், குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர், ஒரே வண்டியில் வந்து இறங்கும் ஒரே தொகுப்பு. இரண்டு நிறுவன வட்டுகளைக் கலந்து வாங்கு என்று பொறியாளர் சொன்னால் தணிக்கைக்குப் பதில் எழுத வேண்டிவரும். விதிக்குள்ளேயே வழி உண்டு: ஒரு பகுதியை இப்போது, மீதியை ஆறு மாதம் கழித்து என்று தவணை பிரிப்பது, பழைய சர்வரில் ஓரளவு ஓடிய வட்டுகளையும் புதியவற்றையும் மாற்றிப் பொருத்துவது. இரண்டாவது வழிக்கு எந்த வட்டு எவ்வளவு ஓடியது என்ற குறிப்பு வேண்டும். மறுபடியும் ஏட்டுக்கே வந்து நிற்கிறோம்.

பெயரும் ஏமாற்றும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் எனும் பிணையச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்ற தன் 'ரெட்' வரிசையின் சில மாதிரிகளில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் முறை இருப்பதை ஒப்புக்கொண்டது. தொடர்ந்து எழுதும் மீட்பு வேலையில் அவை மிக மெதுவாகும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்தியவர்கள் சிலருக்கு மீட்பே தோல்வியில் முடிந்தது. பழைய 4 டெராபைட் வட்டுக்கும் புதியதற்கும் மாதிரி எண்ணில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். '4 டிபி ஹார்ட் டிஸ்க் – 12 எண்ணம்' என்று எழுதும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அந்த எழுத்துக்கு இடமில்லை.

2011 இறுதியில் தாய்லாந்து வெள்ளம் வன்வட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்து, உலகம் முழுவதும் விலை ஏறியதும் இங்கே நினைவுகூரத் தக்கது. தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று உதிரி வைக்காதவர்களுக்கு அது கசப்பான பருவம்.

பதிவேட்டின் மூன்று பழக்கங்கள்

பதிவு செய்வதிலும் வெவ்வேறு மரபுகள் உண்டு. மூத்தது சொத்துப் பதிவேடு. மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகள் 2017, நிலையான சொத்துகளுக்கு ஒரு படிவமும் நுகர்பொருள்களுக்கு வேறொரு படிவமும் வகுத்து, சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன. பொறுப்பை நிறுவ இதைவிட நல்ல கருவி இல்லை: யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், எப்போது கண்டம் செய்யப்பட்டது என்று தெரியும். ஆனால் வட்டு இந்த இரு படிவங்களுக்கும் நடுவே நழுவுகிறது. சர்வர் சொத்து, உள்ளே இருக்கும் வட்டு அதன் பாகமா, தனிச் சொத்தா, தீர்ந்துபோகும் பொருளா? உத்தரவாதக் காலத்தில் வட்டு போனால் நிறுவனம் பழையதை எடுத்துக்கொண்டு வேறு வரிசை எண் கொண்ட வட்டைத் தருகிறது. பணம் கைமாறவில்லை, எனவே ஏட்டில் வரியும் மாறுவதில்லை. இரண்டாண்டு கழித்து ஏட்டில் உள்ள எண்ணுக்கும் பெட்டியில் உள்ள எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது.

இரண்டாவது பழக்கம் கணினியையே கேட்பது. லினக்ஸ் தன்னிடம் இணைந்த வட்டுகளின் மாதிரி, வரிசை எண், உலகளாவிய அடையாள எண், ஓடிய நேரம் எல்லாவற்றையும் சில நொடியில் சொல்லிவிடும். நிர்வாகிகள் பலர் இதை இரவுதோறும் தானாகத் திரட்டி வைக்கிறார்கள். இதில் பழைய பொறி ஒன்று உண்டு. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று கெர்னல் சூட்டும் பெயர்கள் கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்தவை. மறுமுறை சர்வரை எழுப்பும்போது எஸ்டிசியாக இருந்தது எஸ்டிபி ஆகலாம். 'எஸ்டிசி கெட்டுப்போச்சு, மாத்திடுங்க' என்று தொலைபேசியில் சொல்வது விபத்துக்கு அழைப்பு. நிலையான அடையாளங்களைத் தனிக் கோப்புறைகளில் லினக்ஸின் யூடெவ் என்ற கருவி தருகிறது. வரிசை எண்ணைக் கொண்டு ஒரு பெயர், இணைப்புப் பாதையைக் கொண்டு ஒரு பெயர். தானியங்கித் திரட்டலின் ஆழமான குறை வேறு: செத்த வட்டைப் பற்றி அது பேசாது. இருப்பதைச் சொல்லும், நேற்றுவரை இருந்து இன்று காணாமல் போனதைத் தானாகச் சொல்லாது.

மூன்றாவது, 'இருக்க வேண்டியது' என்ற ஏடு. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் பிறந்து 2016-இல் திறமூலமாக வெளிவந்த நெட்பாக்ஸ் இந்த எண்ணத்தின் பிரபலமான வடிவம். ரேக்கில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இருக்க வேண்டும் என்பதைப் பதி. பிறகு கணினி சொல்வதோடு ஒப்பிடு. வேறுபாடு எதுவோ அதுவே வேலைப் பட்டியல். கொள்கையாக இதுவே மூன்றிலும் திடமானது என்று தோன்றுகிறது. ஆனால் இதற்கு ஓர் ஆள் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன்பே எழுதும் ஆள். மூன்று சர்வரும் ஒரு எக்செல் தாளும் உள்ள இடத்தில் நெட்பாக்ஸை நிறுவிவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவது, ஏடே இல்லாததைவிட மோசம். பொய்யான ஏட்டை மக்கள் நம்பிவிடுவார்கள்.

மின் நிலையம் தரும் ஒரு விடை

நெய்வேலியில் மாற்று ஏற்பாடு என்பது புதிய சித்தாந்தம் இல்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வேலை செய்யும்; பம்புக்கு மாற்றுப் பம்பு, அதற்கு மின்சாரம் என்று யோசித்தே அங்கே தொழில் நடக்கிறது. அனல் மின் துறை இதற்கென ஒரு பெயரிடும் ஒழுங்கையும் வளர்த்துவைத்திருக்கிறது. ஜெர்மன் மின் நிலையங்களில் 1970களில் உருவாகி உலகெங்கும் பரவிய கேகேஎஸ் குறியீட்டு முறை, ஒரு கருவிக்கு மூன்று கோணத்தில் அடையாளம் தரும்: எந்தப் பணிக்கானது, எந்தப் பலகையில் பொருத்தியது, எந்தக் கட்டடத்தில் உள்ளது. எல்ஏசி என்று தொடங்கினால் அது கொதிகலனுக்கு நீர் தரும் பம்பு அமைப்பு; ஏபி என்று வந்தால் பம்பு. பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி வேறொன்றை மாட்டினாலும் தகட்டில் உள்ள குறியீடு அதே இடத்தில் இருக்கும். உற்பத்தியாளர் பொறித்த எண் மட்டும் பொருளோடு போகும்.

நெய்வேலி நகரியத்தில் பிளாக்கும் குவார்ட்டர்ஸ் எண்ணும் நிலையாக இருக்க, குடியிருப்பவர் மாறுதலில் போய் வேறொருவர் வருவதுபோல, டிரே வரிசையின் எண் நிலையானது, வட்டு வந்துபோவது. சர்வர் அறைகளில் இந்த இரண்டையும் குழப்புவதே பெருவழக்கம். டிரேயின் முகப்பில் வட்டின் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைக் காகிதத் துண்டில் ஒட்டுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வட்டு கெட்டு, நாலு திருகைக் கழற்றி அதே டிரேயில் புது வட்டைப் பொருத்தும்போது பழைய சீட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சீட்டு இடத்தைச் சொல்கிறதா, பொருளைச் சொல்கிறதா என்று யாரும் தீர்மானிக்காததன் விளைவு. இடத்தின் எண்ணைச் சட்டகத்திலும், பொருளின் எண்ணை வட்டிலும், இரண்டையும் இணைக்கும் வரியைத் தேதியோடு ஏட்டிலும் வைத்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். மிச்சத்துக்கு, பல சர்வர்களில் வட்டு அருகே உள்ள விளக்கைக் கட்டளை கொடுத்துச் சிமிட்டவைக்கும் வசதி லினக்ஸிலேயே இருக்கிறது. விளக்கு எரிந்த டிரேயின் எண் ஏட்டோடு பொருந்தினால் மட்டும் உருவுவது என்று ஒரு விதி போதும்.

கேகேஎஸ்ஸை அப்படியே பெயர்த்துவைக்கவும் முடியாது. பம்பின் பணி பல ஆண்டு மாறாது. வட்டின் பணி மாறிக்கொண்டே இருக்கும். செஃப் போன்ற அமைப்பில் ஒரு வட்டில் எந்தக் கோப்பின் துண்டு இருக்கிறது என்று எழுதிவைப்பது வீண்வேலை; அடுத்த வாரம் அது இடம் மாறியிருக்கும்.

ஈரம், தூசி, கந்தகம்

சர்வர் அறை என்றாலே குளிர் என்பது நம் ஊர் நம்பிக்கை. கூகுளின் 2007 ஆய்வு, மிதமான வெப்பநிலைகளில் சூட்டுக்கும் வட்டின் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பில்லை என்று கண்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது தரவு மையங்களில் பத்து லட்சம் வட்டுகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு கவனத்தை வேறு பக்கம் திருப்பியது: ஈரப்பதமே பெரிய எதிரி, அதிகம் பழுதாவது வட்டின் கட்டுப்பாட்டு மின்சுற்றும் இணைப்பும். கடலூர் மாவட்டத்தின் ஐப்பசி, கார்த்திகைக் காற்றை அறிந்தவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. செலவைக் குறைக்க இரவில் ஏசியை நிறுத்தும் அலுவலகம் சூட்டைவிட ஈரத்தைத்தான் உள்ளே விடுகிறது.

காற்றில் கலந்த கந்தக வாயுக்களும் இருக்கின்றன. ஈயமில்லாத மின்சுற்றுப் பலகைகள் பரவிய பிறகு, செம்பும் வெள்ளியும் அரிப்பதால் வரும் பழுதுகள் கூடியதை ஆஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பின் குழு கவனித்து, தரவு மையக் காற்றுக்கு வரம்பு வகுத்தது: செம்புத் துண்டில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ், வெள்ளித் துண்டில் 200-க்குக் கீழ். நிலக்கரி எரியும் ஊர்களில் இதை அளந்து பார்க்க ஒரு சிறு செம்புத் தகடும் வெள்ளித் தகடும் மாட்டிவைத்து ஒரு மாதம் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வட்டு வாங்கும் திட்டத்தில் இந்தச் சிறு செலவுக்கு ஒரு வரி ஒதுக்கப்படுவது அபூர்வம்.

சத்தத்தையும் விட்டுவிட முடியாது. 2016 செப்டம்பரில் புகாரெஸ்ட்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தபோது, வாயு பீறிட்ட பேரொலியில் வன்வட்டுகள் பழுதாகி வங்கிச் சேவை மணிக்கணக்கில் நின்றது.

தீராதவை

முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான விவாதத்தில் சில விஷயங்கள் ஓரளவு தீர்ந்துவிட்டன. பெரிய வட்டுகளுக்கு ஒற்றை மீட்பு வட்டு போதாது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தரவு மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் இல்லாத சேமிப்பை நம்ப முடியாது என்பதும் அப்படியே. நெட்ஆப் நிறுவனத்தின் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை 41 மாதம் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, வட்டு தானே அறியாமல் தவறான தரவைத் திருப்பித் தந்த நிகழ்வுகளை நான்கு லட்சத்துக்கு மேல் எண்ணியது.

சூடு, ஈரம், கந்தகம், சாம்பல் நான்கும் ஒன்றாகச் சேரும் சூழலுக்கு வட்டின் ஆயுளை எப்படி மதிப்பிடுவது என்பது திறந்த கேள்வி. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் சூட்டையும் ஈரத்தையும் பேசுகின்றன; மற்ற இரண்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. எஸ்எஸ்டிகள் இன்னொரு திருப்பம். கூகுளில் ஆறு ஆண்டு ஓடிய ஃபிளாஷ் வட்டுகளைப் பற்றி ஷ்ரோடர் குழுவினர் 2016-இல் வெளியிட்ட தாள், அவை வன்வட்டுகளைவிடக் குறைவாகவே மாற்றப்படுகின்றன, ஆனால் மீளாத படிப்புப் பிழைகள் அதிகம் என்றது. அப்படியானால் ஏட்டில் எதை முதன்மையாகக் குறிப்பது? ஓடிய ஆண்டா, எழுதிய டெராபைட்டா? வன்வட்டுக்குப் பழகிய படிவங்கள் இதற்கு இடம் தருவதில்லை.

வட்டின் கடைசிப் பயணமும் தெளிவில்லாமல் கிடக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், பெரிய அளவில் கருவி வைத்திருப்போர் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அவற்றை ஒப்படைக்கச் சொல்கின்றன. தரவுப் பாதுகாப்போ, வெளியே போகும் முன் அழி அல்லது உடை என்கிறது. உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும் கெட்ட வட்டை அழிக்கவும் முடியாது. அது ஓடினால்தானே அழிப்பதற்கு. கெட்ட வட்டைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையைக் கூடுதல் கட்டணத்துக்கு விற்கும் நிறுவனங்கள் உண்டு. அதை டெண்டரில் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியது யார், பொறியாளரா, ஸ்டோர்ஸா என்பதில் இரு தரப்புக்கும் இன்னும் உடன்பாடில்லை.

வட்டுகள் எப்போது சாகின்றன என்பதற்கு லட்சக்கணக்கில் தரவு சேர்ந்திருக்கிறது. மாற்றப் போனவர்கள் எத்தனை முறை தவறான வட்டை உருவினார்கள் என்பதை மேற்சொன்ன ஆய்வுகளில் ஒன்றுகூட எண்ணவில்லை. அந்த எண் இல்லாதவரை, கூடுதலாக இரண்டு வட்டு வாங்கும் செலவையும் ஏட்டைச் சரியாக வைக்க ஓர் ஊழியரை அமர்த்தும் செலவையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க நிர்வாகங்களிடம் கணக்கு இல்லை.